நின்றவர் எண்ணிக்கை

சுரங்கப்பாதைச் சுவரில் அந்தக் கறுப்புப் பெட்டியை மாட்டிய அன்று அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இது சத்தம் போடுமா?" போடாது என்றார்கள். அப்படியானால் சரி என்று கிளாரினெட்டின் ஊதுதகடான ரீடை வாயில் போட்டு ஊறவைக்க ஆரம்பித்துவிட்டாள். தங்கை கேட்டது வேறு.

"இது எதை எண்ணும்?"

மாட்ட வந்தவர் ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னார். "உங்க முன்னாடி ஆறு செகண்டுக்கு மேல யார் நின்னாலும் ஒண்ணுன்னு எண்ணும். நடந்து போறவங்க கணக்குல வரமாட்டாங்க."

"ஏன், நடந்து போறவங்களுக்குக் காது கிடையாதா?"

"அதெல்லாம் ஆபீஸ்ல போய்க் கேளுங்கம்மா. நான் ஆணி அடிக்கிறவன்."

தங்கையைச் சுரங்கப்பாதையில் எல்லோரும் 'டிகிரி' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. படித்தது புள்ளியியல். அக்கா எட்டாவதோடு பள்ளியை விட்டவள். அவள் மூச்சுப் பிடித்து ஊதியதெல்லாம்தான் மூன்று வருடம் கல்லூரிக் கட்டணமாகப் போய்ச் சேர்ந்தது. பட்டம் வாங்கிய கையோடு டிகிரி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பதினோரு மாதம் வேலை பார்த்தாள். விற்பனை வரைபடத்தில் கோட்டைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பச் சொன்னார் மேலாளர். "கோடு கீழதான் சார் போகுது, நான் என்ன அதுக்கு முட்டுக் கொடுக்கவா?" என்று கேட்டுவிட்டு வந்தவள்தான். வந்து, அக்கா பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, சின்ன டிரம்மை மடியில் வைத்துக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் அத்தை போன் செய்வாள். "படிச்ச பொண்ணு ரோட்டுல உக்காந்து கொட்டு அடிக்குதே!" டிகிரி பொறுமையாகத் திருத்துவாள்: "ரோட்டுல இல்ல அத்தை. ரோட்டுக்குக் கீழ."

அது இரண்டு ரயில் பாதைகளை இணைக்கும் சுரங்கம். கிழக்கே ஒரு வண்டி வந்து ஆட்களைக் கொட்டும். மேற்கே இன்னொரு வண்டி அவர்களுக்காகக் காத்திருக்கும். காத்திருக்கும் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. மூன்றரை நிமிடம் நிற்கும், அப்புறம் பெற்ற தாயே ஓடி வந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும். படி இறங்க அரை நிமிடம், படி ஏற முக்கால் நிமிடம். நடுவில் சுரங்கம். சாதாரணமாக நடந்தால் சுரங்கத்துக்கு இரண்டேகால் நிமிடம் ஆகும், வண்டி போயிருக்கும். ஓடினால் பிடிக்கலாம், ஆனால் எப்போதும் ஈரம் கசிகிற அந்தத் தரையில் ஓடி முட்டி பெயர்ந்தவர்கள், பல்லை இழந்தவர்கள் எத்தனையோ பேர். இரண்டு நிமிடத்தில் கடந்தால் ஓடாமலே ஏறிவிடலாம்.

அந்தப் பதினைந்து விநாடியில்தான் அக்காவின் கலை இருந்தது.

கூட்டம் இறங்கும்போது அதன் கால்கள் எப்படி விழுகின்றனவோ அதே நடையில் பாட்டைத் தொடங்குவார்கள். பத்தடி போனதும் டிகிரி பிரஷ் குச்சியால் தாளத்தை மயிரிழை அளவு இறுக்கி வேகம் கூட்டுவாள். அக்கா அதன்மேல் ஏறிக்கொள்வாள். இன்னும் பத்தடியில் இன்னொரு மயிரிழை. சுவர் முழுக்க வெள்ளைப் பீங்கான் சதுரங்கள். ஒலி அதில் பட்டு முன்னும் பின்னும் உருளும். முந்நூறு செருப்புகளும் பூட்ஸுகளும் தெரியாமலே ஒரு கணக்குக்கு வந்துவிடும். போனில் பேசிக்கொண்டிருப்பவன் பேசியபடியே வேகம் கூடுவான். கைக்குழந்தைக்காரி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டே வேகம் கூடுவாள். தாங்கள் இப்படிக் கூட்டிப் போகப்படுகிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மேற்கு வண்டி தாமதம் என்றால் தலைக்கு மேலே தண்டவாளம் அதிராது. அதைக் காதில் வாங்கி, அன்றைக்கு அக்கா நடையைத் தளர்த்துவாள். வயதானவர்கள் மூச்சு வாங்காமல் போகட்டும்.

கூட்டம் மேற்குப் படியில் மறைந்ததும் அக்கா கிளாரினெட்டை வாயிலிருந்து எடுப்பாள்.

"யாராச்சும் ஓடினாங்களா?"

"இல்ல."

அவ்வளவுதான். இந்த 'இல்ல'யைக் கேட்கத்தான் பன்னிரண்டு வருடமாக அந்தச் சுரங்கத்தின் ஒவ்வொரு எதிரொலியையும் படித்து வைத்திருந்தாள். வேறு இடத்தில் உட்காரவைத்தால் அவள் ஒரு சுமாரான கிளாரினெட்காரி. அது அவளுக்கே தெரியும்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் நகர இசை வளர்ச்சிப் பிரிவு மூக்கை நுழைத்தது. தெருவில் வாசிப்பவர்களின் 'தரத்தை உயர்த்த' வேண்டுமாம். யார் அந்தத் தரத்தைக் கீழே போட்டது என்று சொல்லவில்லை. இரண்டு தேர்வு. காலை நெரிசல் நேரத்தில், ஒரு மணி நேரத்தில், இருபத்தைந்து பேராவது நின்று கேட்க வேண்டும். இரண்டிலும் தேறினால் அனுமதி அட்டை. தேறாவிட்டால் மாதக் கடைசியில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கறுப்புப் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி அதே சுவரில் ரயில்காரர்களின் பழைய பலகை இருந்தது: 'பாதையில் நிற்காதீர். மீறினால் அபராதம்.'

டிகிரி அந்தப் பலகையைப் பிரிவின் உதவியாளர் பெண்ணுக்குக் காட்டினாள். தன் வயதுதான் இருக்கும், கழுத்தில் தற்காலிக ஊழியர் அட்டை. "இதுக்குக் கீழ்ப்படியறதா, அதுக்குக் கீழ்ப்படியறதா?"

"ரெண்டுக்கும்தாங்க."

"எப்படி?"

"அது வேற டிபார்ட்மெண்ட்டுங்க" என்றாள் அந்தப் பெண், ஏதோ வேறு கிரகம் என்பதுபோல.

தேர்வுக்கு முன்னால் நேர்காணல். இயக்குநர் நீள மேசைக்குப் பின்னால் இருந்தார். காதில் ஒரு கருவி. பாதிப் பேச்சு இவர்களிடம், மீதி கருவியிடம். 'தாக்கம்', 'ஈடுபாடு' என்ற இரண்டு சொற்களை வைத்தே அரை மணி நேரத்தை ஓட்டுகிற திறமை அவருக்கு இருந்தது.

"உங்களைப் பொறுத்தவரைக்கும் வெற்றின்னா என்னம்மா?"

அக்கா யோசிக்கவே இல்லை. "யாரும் ஓடக்கூடாது சார்."

இயக்குநர் முகத்தில் அப்படி ஒரு கருணை படர்ந்தது. "அப்படித் தாழ்வா நினைக்காதீங்கம்மா. உங்க வாசிப்பக் கேட்டு ஏன் ஓடப்போறாங்க? கொஞ்சம் பெருசா ஆசைப்படுங்க!"

"சார், அவ சொல்றது அது இல்ல" என்று டிகிரி வாயைத் திறந்தாள். மூன்றரை நிமிடம், ஈரத் தரை, பதினைந்து விநாடி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையாட்டியபடியே கேட்டார். கடைசியில், "அருமை. ஆனா கருவிதான் பேசணும்" என்றார். எந்தக் கருவி என்று ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. சுவரில் மாட்டியதைச் சொன்னார்.

வெள்ளோட்டமாக ஒரு நாள் பெட்டியை ஓடவிட்டார்கள். முடிவு: மூன்று. ஒருவர் செருப்பு வார் அறுந்து நின்றவர். ஒருவர் தொடர்ந்து தும்மியவர். மூன்றாமவர், 'இங்க யாரும் நிக்கக்கூடாது' என்று சொல்ல வந்து நின்ற ரயில் காவலர்.

நிலைய வாசலில் பாடுகிற கிட்டார்காரனுக்கு நூற்றுப் பன்னிரண்டு வந்திருந்தது. அவனுக்கு 'உருகல்' என்று பெயர். கண்ணை மூடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாடுவான். நெஞ்சுவலியோ என்று பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். டிகிரியிடம் வந்து தோழமையோடு யோசனை சொன்னான்.

"ஒரு தடவ சாயற மாதிரி சாய்ங்க. சும்மா லேசா. கூட்டம் அம்மும்."

"எங்க கூட்டம் நின்னா வண்டி போயிடும்டா."

"போகட்டுமே. அடுத்த வண்டி வராதா? கலைஞன் ஜனங்களப் பத்திக் கவலப்படக்கூடாதுங்க."

டிகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்று வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து உட்கார்ந்தவள், அவன் சொன்னதைத்தான் யோசித்தாள். மூன்று என்ற எண் அவளைக் குத்தியது. வாழ்நாளில் எந்தத் தேர்விலும் அவள் மூன்று வாங்கியதில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஒரு வியாதி உண்டு: தேர்வு எவ்வளவு கிறுக்குத்தனமானது என்று தெரிந்தாலும், தேறாமல் இருக்க வராது. தேர்வு வைப்பவனைத் திட்டிக்கொண்டே விடையை எழுதிவிடுவாள்.

விடை அவள் கையிலேயே இருந்தது. ஒரே தாளத்தில் போகிற முந்நூறு கால்களுக்கு அடியில் தாளத்தை உருவினால் என்ன ஆகும்? நிற்கும்.

அக்காவிடம் சொல்லவில்லை. முதல் தேர்வு நாளன்று எட்டு முப்பத்தாறு வண்டி வந்து கூட்டம் இறங்கியது. உதவியாளர் பெண் சுவரோரம் நின்றாள், இயக்குநர் அவள் பக்கத்தில். நடை இறுகியது, ஏறியது, கால்கள் ஒன்றாக விழுந்தன. கூட்டத்தின் நடுப்பகுதி நேர் எதிரே வந்தபோது டிகிரி ஒரு அடியை விட்டாள். அடுத்ததை அரை அடி தள்ளி வைத்தாள். அப்புறம் குச்சியை எடுத்தேவிட்டாள்.

மாடிப்படியில் இல்லாத கடைசிப் படியை மிதிப்பவர்களைப் போல எல்லோரும் தடுமாறினார்கள். முன்னால் போனவர் நின்றார், பின்னால் வந்தவர் அவர் முதுகில் மோதி நின்றார். என்ன ஆயிற்று என்று அத்தனை முகங்களும் இந்த இரண்டு பெண்கள் பக்கம் திரும்பின. ஆறு விநாடி. ஏழு. எட்டு. அக்கா மட்டும் ஊதிக்கொண்டே இருந்தாள், கீழே தரை இல்லாமல்.

நாற்பத்தொன்று.

இயக்குநர் கைதட்டினார். "பாத்தீங்களா, இது தாக்கம்! டிரம் நின்ன அந்த மௌனம் இருக்கே, அது அபாரம்!" தலைக்கு மேலே தண்டவாளம் அதிர்ந்தது. வண்டி கிளம்பிப் போனது. சுரங்கத்தில் நூறு பேருக்கு மேல் மிச்சமிருந்தார்கள்.

தினமும் நீலப் பையோடு போகும் ஒரு அம்மா நேராக இவர்களிடம் வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஒன்பது மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. இத்தனை வருடத்தில் இவர்களை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

"என்னடி பண்ணீங்க?" என்றாள். "என்னமோ பண்ணீங்க. என் காலு தானா போகும். இன்னிக்குப் போகல. என்ன பண்ணீங்க?"

டிகிரி குனிந்து டிரம்மின் திருகை இறுக்க ஆரம்பித்தாள். அந்த அம்மா போகிறவரை நிமிரவில்லை.

அக்கா கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பெட்டியில் வைத்து மூடிய பிறகுதான் பேசினாள்.

"தப்பா அடிச்சா பரவால்ல. தெரியாம அடிச்சா நானே உன்னத் தூக்கிட்டுப் போயிருப்பேன். நீ தெரிஞ்சே காலை வாரினடி."

"பாஸ் ஆனோம்ல?"

"யாரு பாஸ் ஆனா?"

"அக்கா, கொஞ்சம் யோசி. மாசக் கடைசியில தூக்கி வெளிய போட்டுட்டா என்ன பண்ணுவ? இன்னும் ஒரே ஒரு தேர்வுதான். ஒரு நாள், ஒரு மணி நேரம் மோசமா வாசிச்சா வருசம் முழுக்க ஒழுங்கா வாசிக்கலாம். வரி கட்டற மாதிரின்னு வெச்சுக்கோ."

"வரிய நீயா கட்டின? அந்த நீலப் பை கட்டிட்டுப் போகுது."

டிகிரி அவ்வளவு சுலபமாகத் தோற்றுப்போகிற ரகம் இல்லை. இரண்டு நாள் முறைத்துக்கொண்டே வாசித்தாள்.

மூன்றாம் நாள்தான் கவனித்தாள். அக்கா முன்பே கவனித்திருந்தாள், சொல்லவில்லை. கூட்டம் படியிறங்கியதும் நடைக்கு வரவில்லை. பலர் காதில் எதையாவது செருகிக்கொண்டார்கள். சிலர் எதிர்ச் சுவரோரமாக ஒதுங்கி, இவர்களைக் கடக்கும் இடத்தில் மட்டும் காலை எட்டிப்போட்டார்கள். நீலப் பை அம்மா பையை மார்போடு கட்டிக்கொண்டு ஓடினாள். அவளைப் பார்த்து நான்கு பேர் ஓடினார்கள். ஈரத்தில் ஒரு வயதானவர் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டைப் பிடித்தபடி எழுந்து, நொண்டிக்கொண்டே போனார்.

அன்று அக்கா எதுவும் கேட்கவில்லை. டிகிரியாகவே சொன்னாள்: "பதினெட்டு பேர் ஓடினாங்க."

"எண்ணினியா?"

"ம்."

"எண்ணு. படிச்சவதானே."

அந்த ஒரு வார்த்தை அவளைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. காப்பீட்டு மேலாளர் கோட்டை வளைக்கச் சொன்னபோது முகத்துக்கு நேரே பேசிவிட்டு வந்தவள். இங்கே யாரும் சொல்லாமலே, அதுவும் உயிருள்ள மனிதர்களை வைத்துக் கோட்டை வளைத்திருக்கிறாள். அதற்குக் கைதட்டல் வேறு.

நம்பிக்கையைத் திரும்ப வாங்க மூன்று வாரம் பிடித்தது. பாட்டை மாற்றவில்லை, வேகத்தை மாற்றவில்லை. ஒரு அடி பிசகாமல், தினமும், அதே இடம். பதினெட்டு பதினொன்றானது, ஏழானது, இரண்டானது. நீலப் பை அம்மாதான் கடைசிவரை ஓடினாள். ஒரு செவ்வாய்க்கிழமை பாதிச் சுரங்கத்தில் ஓட்டம் நடையாக மாறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டிகிரிக்குக் கண் கலங்கியது, கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் இறுதித் தேர்வு.

காலையில் நாற்காலியை விரித்தபோது அக்கா சொன்னாள்: "குச்சி உன் கையில. எனக்கு இந்த இடம் வேணும்தான். பொய் சொல்ல மாட்டேன். இது போனா நான் எங்க போய் ஊதறதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா உனக்கு நான் எதுவும் சொல்லப்போறதில்ல."

"இப்படிச் சொல்லிட்டு ஒண்ணும் சொல்லலைன்னு வேற சொல்ற பாரு."

"அக்கான்னா அப்படித்தான் இருப்பா."

உதவியாளர் பெண் கணக்குக் கருவியோடு வந்து, பெட்டியின் கண்ணில் படாமல் சுவரோரம் நின்றாள். இயக்குநர் அடுத்த வண்டியில் வருவதாகத் தகவல். கிழக்கே வந்திறங்கி நேரே இங்கு வந்து முடிவை அறிவிப்பார்.

எட்டு முப்பத்தாறு வந்தது. கூட்டம் இறங்கியது. கூட்டத்தின் நடுவில் இயக்குநரும் இறங்கினார், காதில் கருவி, பேச்சு மும்முரம். "இல்ல இல்ல, மக்களை நிறுத்தணும், அதான் நம்ம இலக்கு..." டிகிரி பிரஷை இழைத்தாள். மயிரிழை இறுக்கினாள். அக்கா ஏறிக்கொண்டாள். கால்கள் ஒன்றிரண்டாக விழுந்து, பத்தாக விழுந்து, ஒன்றாகின. கூட்டத்தின் நடுப்பகுதி நேரெதிரே வந்தது. குச்சியைத் தூக்கினால் போதும். அவள் மணிக்கட்டுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும்.

தூக்கவில்லை. இறுக்கினாள்.

நீலப் பை போனது. மணிக்கட்டில் கட்டுப் போட்ட பெரியவர் போனார். இயக்குநரும் போனார். பளபளக்கும் பூட்ஸ் அச்சுப் பிசகாமல் டிரம்மோடு விழ, "ஈடுபாடு... ஆமா, ஈடுபாடு..." என்று சொல்லிக்கொண்டே அவர்களைத் தாண்டி, தன் உதவியாளரைத் தாண்டி, கறுப்புப் பெட்டியைத் தாண்டி, மேற்குப் படியேறி மறைந்தார். தண்டவாளம் அதிர்ந்தது. சுரங்கம் காலியானது.

உதவியாளர் பெண் படியைப் பார்த்தாள். திரும்பி இவர்களைப் பார்த்தாள். "சார் எங்க?"

"வண்டி ஏறிட்டாரு" என்றாள் அக்கா, ரீடைக் கழற்றியபடி.

"அவரு எதுக்கு ஏறணும்?"

"எல்லாரும் ஏறினாங்க, அவரும் ஏறிட்டாரு."

பெண்ணின் கைபேசி அலறியது. ஐந்து முறை "சார்" என்றாள். அடுத்த நிலையம் வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்ததாம். திரும்பி வர நாற்பது நிமிடமாகும், நீயே முடிவைப் பதிந்துவிடு என்றாராம். அந்தப் பெண்ணும் விதியை மீறாமல் ஒரு மணி நேரம் முடியும்வரை, இருந்த இடத்திலேயே பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கருவியின் திரையை நீட்டினாள்.

"பூஜ்யம்" என்றாள். குரலில் நிஜமாகவே வருத்தம். "போன தடவை நாப்பத்தொண்ணு வந்துச்சேங்க. என்ன ஆச்சு? காரணம் போடணும். இதுல ஒண்ணத் தேர்ந்தெடுங்க. பயிற்சிக் குறைவு, பாட்டுத் தேர்வு சரியில்ல, உடை, மத்தவை."

"மத்தவை."

"அப்ப ஒரு வரி எழுதணும்."

டிகிரி திரையை வாங்கி விரலால் எழுதினாள்: 'எல்லோரும் வண்டியைப் பிடித்துவிட்டார்கள்.'

அந்தப் பெண் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். "இதப் பாத்தா அவங்களுக்கு ஒண்ணும் புரியாதுங்க."

"தெரியும்."

"மேல்முறையீடு பண்ணலாம். மூணு மாசம் ஆகும்."

"பண்றேன். அந்த ரயில்காரங்க பலகையையும் போட்டோ எடுத்து வெச்சுப் பண்றேன். உங்க இயக்குநர் டிக்கெட் இல்லாமப் போன கதையையும் சேர்த்துப் பண்றேன்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அக்கா நிமிர்ந்தாள்.

"இடம் எங்களுக்கு என்னிக்கு வரைக்கும்மா?"

"முப்பத்தொண்ணு வரைக்கும்."

"இன்னிக்கு?"

"இருபத்தாறு."

கிழக்கே தூரத்தில் அடுத்த வண்டியின் இரைச்சல் கேட்டது. அக்கா புது ரீடை நாக்கில் வைத்து நனைத்துக்கொண்டே, உதவியாளர் பெண்ணைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"கொஞ்சம் நகருடா கண்ணு. வழியில நிக்கிற."